பழைய பாக்கியும் ஒரு சொல்லும்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு, மூட்டை முடிச்சுகளோடு பழைய பாக்கிகள் சிலவும் உடன் வந்துவிடுவது உண்டு. விலாசம் மாறிவிடுகிறது, வங்கி அனுப்பும் கடிதங்கள் பழைய வீட்டு வாசலிலேயே கிடந்து மக்குகின்றன. பின்னர் ஒரு நாள், வீடு வாங்கக் கடன் கேட்கச் சென்ற இடத்தில் அந்தப் பாக்கி நம்மெதிரே வந்து நிற்கிறது.

நம் சங்கத்து அன்பர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. சென்னையில் இருந்த காலத்தில் கிரெடிட் கார்டுக் கணக்கில் சில ஆயிரம் ரூபாய் நின்றுபோயிற்று. வட்டியும் அபராதமும் சேர்ந்து அது பன்மடங்காயிற்று. வசூல் முகவர் ஒருவர், "பாதியைக் கட்டினால் போதும், கணக்குத் தீர்ந்தது" என்றார். அன்பரும் மகிழ்ந்து கட்டினார். ஈராண்டு கழித்து வீட்டுக் கடன் மறுக்கப்பட்டபோதுதான், தம் பெயருக்கு எதிரே 'செட்டில்டு' என்ற சொல் நிற்பதை அறிந்தார்.

முழுவதும் செலுத்தி முடித்த கணக்கு 'க்ளோஸ்டு' எனக் குறிக்கப்படும். குறைந்த தொகைக்கு இணங்கி வங்கி மீதியைக் கைவிட்ட கணக்கே 'செட்டில்டு'. முன்னது நம் நாணயத்திற்குச் சான்று. பின்னது வங்கி அடைந்த நட்டத்திற்குச் சான்று. அடுத்துக் கடன் கொடுக்க வருபவர் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குவார்.

ஆதலின் பணம் கட்டுமுன் நாம் செய்யத்தக்கவை சில உள. முதற்கண் நம் கடன் தகவல் அறிக்கையைப் பார்க்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தருதல் வேண்டும். பாக்கி நம்முடையதுதானா, தொகை சரியா என்பதை அதில் காணலாம்.

அடுத்து, முகவரோடு பேசி முடிக்காமல் வங்கிக்கே எழுதுக. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு எனப் பிரித்துக் கேட்க வேண்டும். அபராதத்தைத் தள்ளி, எஞ்சியதை முழுமையாகப் பெற்றுக்கொண்டு, 'க்ளோஸ்டு' எனப் பதிய வேண்டுக. வங்கி இணங்கியே தீரவேண்டும் என்பதில்லை. ஆயினும் கேட்பதில் இழப்பில்லை. இணக்கம் கடிதமாகக் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கட்டலாகாது. கட்டும்போதும் முகவர் கையில் ரொக்கமாகக் கொடாமல், கணக்கிலேயே செலுத்துக. பாக்கி இல்லை என்ற சான்றையும் மறவாது பெறுக.

3 ஆண்டு கடந்தால் வழக்கு நில்லாது என்று காத்திருப்போரும் உளர். இத்தகைய கடன்களுக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பொதுவாக அவ்வாறே கூறுகிறது. ஆனால் வழக்கு நில்லாவிடினும் பதிவு நிற்கும். கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய பதிவை அழித்துத் தருவதாகச் சொல்வோரை நம்பவேண்டாம். உண்மையான தாமதத்தை அழிக்கும் உரிமை அவர்க்கில்லை.

முகவர் மிரட்டினாலும் அஞ்சற்க. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது என்பது 2022இல் ரிசர்வ் வங்கி இட்ட ஆணை. பணம் செலுத்திய பின்னும் பதிவு திருந்தாவிடில் எழுத்தில் முறையிடுக. 30 நாளில் தீர்வு காணாவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது.

நம் அன்பர் என் செய்தார்? கைவிடப்பட்ட மீதியையும் செலுத்த முன்வருவதாக வங்கிக்கு எழுதினார், எழுத்தில் ஒப்புதல் பெற்றார், கட்டினார், பதிவு 'க்ளோஸ்டு' என மாறிற்று. பழைய தாமதக் குறிகள் உடனே மறையவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டு கடன் கிடைத்தது.

அவர் நம்மிடம் கூறியது ஒன்றுண்டு: "பாக்கியைவிட அதை வீட்டாரிடம் மறைத்ததே எனக்குப் பெருஞ்சுமையாக இருந்தது." பழைய பாக்கி உள்ள குடும்பங்கள் முதலில் அதைக் கூடத்தில் வைத்துப் பேசுக. வங்கிக்குக் கடிதம் எழுதுவது அதற்கடுத்த வேலை.