ஒரு சின்ன அட்டை போதும்

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

நான் ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி. சிகிச்சை) மையம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநர். போன மாதம் நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார். பதினெட்டு நாளாக ஒன்றுகூடக் குறையவில்லை.

"குழந்தை முதுகு ஊனமாப் பொறக்குமாமே அக்கா, செல்லுல போட்டிருந்தாங்க."

அவர் பார்த்தது பொய்யல்ல, பழைய செய்தி. 2018 மே மாதம் போட்ஸ்வானாவில், கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் என்ற ஹெச்.ஐ.வி. மருந்தை எடுத்துக்கொண்ட 426 தாய்மாரின் பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு நரம்புக்குழல் குறைபாடு, அதாவது மூளை அல்லது முதுகுத்தண்டுக் குறைபாடு, இருந்தது. உலகமே பதறியது. ஆனால் அங்கே எண்ணுவதை நிறுத்தவில்லை. 2022 வரை எண்ணிய 9,460 பிரசவங்களில் 10 குழந்தைகளுக்கு, அதாவது 0.11 சதவீதம். மற்ற ஹெச்.ஐ.வி. மருந்து எடுத்தவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான். 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கும் டோலுடெக்ராவிரையே பரிந்துரைத்துவிட்டது. தவிர, நரம்புக்குழல் கருத்தரித்த முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடுகிறது. நான்காம் மாதத்தில் மாத்திரையை நிறுத்துவதால் அந்தப் பயத்துக்குக்கூடப் பலனில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு; ஒழுங்காகச் சாப்பிட்டால் 5-க்கும் கீழே.

இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. பேச்சோடு பேச்சாக, "சத்து மாத்திரையெல்லாம் எப்பம்மா போடுறீங்க?" என்று கேட்டேன். நிறுத்துவதற்கு முன்பு இரும்பு, கால்சியம், டி.எல்.டி. (டோலுடெக்ராவிர் அடங்கிய அவருடைய ஹெச்.ஐ.வி. மாத்திரை) மூன்றையும் ராத்திரி வெறும் வயிற்றில் ஒரே மடக்கில் போட்டுக்கொண்டிருந்தாராம். வயிற்றுக்குள் இரும்பும் கால்சியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. வெறும் வயிறென்றால், சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டி.எல்.டி. எடுக்க வேண்டும், சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே எடுக்கலாம். நிஜமாகக் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். இதை யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை.

அதனால் கேட்கிறேன். உள்ளங்கை அளவில் ஓர் அட்டை அச்சடித்து எல்லா ஏ.ஆர்.டி. மையங்களுக்கும் கொடுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பது மட்டும் இருக்கட்டும். நோயின் பெயரோ உங்கள் சங்கத்தின் முத்திரையோ வேண்டாம். வீட்டில் மாமியார் கையிலும் அது கிடைக்கும். ரகசியம் காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது அலமாரிக்குள் வந்து காவல் நிற்காது.

அந்தப் பெண் மறுபடி மாத்திரை எடுக்கிறார். எட்டாம் மாதம் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) பார்க்க வருவார். அதற்குள் அட்டை வந்துவிட்டால் முதல் பிரதியை அவர் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓர் ஆற்றுப்படுத்துநர்