பேஜ்மேக்கர் ஓடுமா தம்பி?

2018-ல் ஐஐடி மெட்ராஸின் ‘சக்தி’ சிப்பில் லினக்ஸ் ஓடியபோது கைதட்டி ஸ்டேட்டஸ் போட்டவர்களில் நானும் ஒருத்தன். இன்டெல் இல்லாத கம்ப்யூட்டர் வந்துடும்னு நம்பினேன். திருவண்ணாமலை தேரடி வீதியில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போய் அதை உற்சாகமாக விளக்கினேன்.

“அதுல பேஜ்மேக்கர் ஓடுமா தம்பி? டேலி? ரேகை வைக்கிற மெஷினுக்கு டிரைவர் இருக்கா?”

வாயடைத்துப்போனேன். பௌர்ணமிக்கு முந்தின நாள் நோட்டீஸ் அடித்துக் கொடுக்க வேண்டியவர் அவர்.

இதே சுவரில் மைக்ரோசாஃப்ட்டே முட்டிக்கொண்டது. 2012-ல் ஏஆர்எம் சிப்போடு வந்த சர்ஃபேஸ் ஆர்டியில் பழைய விண்டோஸ் மென்பொருள்கள் ஓடவில்லை. மறுவருடமே 90 கோடி டாலர் நட்டக் கணக்கு. 2020-ல் ஆப்பிள் சிப் மாற்றித் தப்பித்தது என்றால், பழைய மென்பொருளைப் பெயர்த்து ஓட்டும் ரொசெட்டா 2-ஐயும் அதுவே எழுதியது. சிப், சிஸ்டம், கடை எல்லாம் அவர்கள் கையில். நம்மூரில் கம்ப்யூட்டர் செய்யத் துணியும் சின்னக் கம்பெனிக்கு எது கையில்? வாங்க ஆள் இல்லாமல் எவனும் டிரைவர் எழுத மாட்டான். டிரைவர் இல்லாமல் அண்ணன் வாங்க மாட்டார்.

சிப் டிசைனுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு சுதேசி என்று பெருமை பேசுவது ஏமாற்று. இ-சேவை மையத்துக்கு ரேகை மெஷின் வாங்கும் டெண்டரில் ‘டிரைவரின் மூலநிரலும் வேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். அதுவரை அண்ணன் கடையில் இன்டெல்தான்.