விளக்கை அணைத்தால் வழுக்கல் நிற்குமா?

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை. பின்சீட்டில் அம்மா. மேட்டுச் சாலையில் சமிக்ஞை விளக்கு பச்சைக்கு மாறியதும் எண்ணெய் மிதியை அழுத்தினேன். முன்சக்கரங்கள் சுழன்றன, கார் ஒரு கணம் நகரவே இல்லை. முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று சிமிட்டியது. ஒரு காரும் அதன் பின்னால் இரண்டு வளைகோடுகளும் கொண்ட சின்னம் அது. அடுத்து வந்த இடப்பக்க வளைவில் கார் திரும்ப மறுத்து, நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. எதிரில் லாரி எதுவும் வராதது எங்கள் நல்ல நேரம்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். “சென்சர் பிரச்சினை சார், ரீசெட் பண்ணியாச்சு” என்றார்கள். பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன். இரண்டு வாரம் மழை இல்லை; விளக்கும் எரியவில்லை. மழை வந்தது, விளக்கு மீண்டும் சிமிட்டியது.

அதன் பிறகே, ஓர் அறிவியல் ஆசிரியர் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். குனிந்து டயரைப் பார்த்தேன். பள்ளங்கள் ஓரளவு ஆழமாகத்தான் இருந்தன. ஆனால், பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கங்கள் 2616. அதாவது, 2016ஆம் ஆண்டின் 26ஆவது வாரத்தில் செய்த டயர். வயதாகி ரப்பர் இறுகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் கல்லைத் தொடுவது போல் இருந்தது. காற்றழுத்தமும் 170 கிலோபாஸ்கல்தான். கதவோரத்தில் ஒட்டியிருந்த தாளில் 220 என்று இருந்தது. அந்தக் காரில்தான் நான் தினமும் பள்ளிக்குப் போய் உராய்வு விசை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு டன் எடையுள்ள காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது, உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர் பரப்புகள் மட்டுமே. புறப்படவும், நிற்கவும், திரும்பவும் தேவைப்படும் விசை முழுவதும் அந்தப் பரப்புகள் வழியாகத்தான் வர வேண்டும். இது மாதச் சம்பளம் மாதிரி. ஒன்றுக்கு அதிகம் செலவழித்தால் மற்றதற்குக் குறையும். வளைவில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் கார் திரும்பாமல் நேரே போவது இதனால்தான்.

ஈரச் சாலையில் இந்தச் சம்பளமே குறைந்துவிடுகிறது. நல்ல டயருக்கு உலர்ந்த தாரில் உராய்வுக் குணகம் சுமார் 0.8 என்றும் ஈரத்தில் 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 60 மீட்டரில் நிற்கும் கார், ஈரத்தில் 95 மீட்டர் ஓடும். அதே ஈரத்தில் வேகத்தை 80ஆகக் குறைத்தால் 50 மீட்டர் போதும். தூரம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வரும் லாபம் இது.

சறுக்கல் தடுப்பு முறை இருக்கும்போது என்ன பயம் என்று சிலர் கேட்கிறார்கள். அது சுழலும் சக்கரத்துக்குப் பிரேக் போடும். இயந்திரத்தின் வேகத்தை அடக்கும். இருக்கிற பிடிமானத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க அதற்குத் தெரியும். புதிதாக ஒரு துளிப் பிடிமானத்தைக்கூட அதனால் உண்டாக்க முடியாது.

எனவே, அந்த விளக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கார்களில், விளக்கு சிமிட்டினால் முறை வேலை செய்கிறது, சக்கரம் உண்மையிலேயே வழுக்குகிறது என்று பொருள். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், முறையை யாரோ அணைத்துவிட்டார்கள் அல்லது சக்கர வேக உணரியிலோ அதன் கம்பியிலோ கோளாறு. முதலாவதற்கு டயரைப் பாருங்கள். இரண்டாவதற்குப் பட்டறைக்குப் போங்கள். என் காரின் விளக்கு உண்மையைத்தான் சொன்னது. நாங்கள்தான் அதன் வாயை மூடினோம்.

டயரைப் பார்ப்பது கடினமான வேலையல்ல. கார் ஓடிச் சூடாவதற்கு முன் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. தேய்ந்திருக்கும் விதமும் பேசும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஓர் ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் சரியில்லை. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் அப்சார்பரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

காற்று விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். விமான டயர்களை வைத்து நாசா 1960களில் கண்டறிந்த விதிப்படி, தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காருக்கு அது தோராயக் கணக்குதான் என்றாலும், 220 கிலோபாஸ்கலில் மணிக்குச் சுமார் 94 கி.மீ. வருகிறது, 170இல் 83 ஆகிவிடுகிறது. எண்ணெய் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் இந்த இடைவெளி நம் கைக்குத் திரும்பும்.

நான்கு டயரையும் ஒரே நேரத்தில் மாற்றுவது பல குடும்பங்களுக்குச் சிரமம் என்பது எனக்குத் தெரியும். இரண்டு மட்டும் மாற்ற முடிந்தால், அவற்றைப் பின்சக்கரங்களில் போடச் சொல்லுங்கள். முன்சக்கர இழுவைக் காருக்கும் இதுவே விதி. முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். வயது தெரியாத பழைய டயரை மலிவு என்று வாங்குவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள்.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. விளக்கு அணைந்தால் போதும் என்று கேட்டது நான்தான். “ஏன் எரிந்தது?” என்று கேட்டிருந்தால் பதிலும் வேறாக இருந்திருக்கும். இப்போது உராய்வுப் பாடம் வரும்போது, வீட்டுக் காரின் டயரில் உள்ள நான்கு இலக்கங்களை எழுதிவரும்படி மாணவர்களிடம் சொல்கிறேன். அந்த வாரத்தில் சில அப்பாக்களாவது குனிந்து பார்க்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் முன் நீங்களும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.