‘சம்மதம்’ என்று அழுத்தும் முன்

உயர்கல்விக் கூடத்தில் காலடி வைக்கும் மாணவருக்கு இன்று மடிக்கணினி அவசியம். பெரும்பாலும் அது விண்டோஸ் கணினியாகவே இருக்கும். முதன்முறை திறந்ததும் அது சில கேள்விகளைக் கேட்கும். இருப்பிடத்தை அறியலாமா? கூடுதல் தகவல்களை நிறுவனத்திற்கு அனுப்பலாமா? விருப்பத்திற்கேற்ப விளம்பரம் காட்டலாமா? நம்மில் பலர் எதையும் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்திவிடுகிறோம்.

“மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?” என்று நண்பர்கள் கேட்கலாம். மெர்கோங் போன்ற வட்டாரங்களில் ஒரே கணினியை வீட்டில் பலரும் பயன்படுத்துவதுண்டு. பி.டி.பி.டி.என். கடனுக்கான பாரங்கள், அப்பாவின் சம்பளச் சீட்டு, தங்கையின் படங்கள், அனைவரின் அடையாள அட்டை நகல்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். அங்கே நாம் தரும் சம்மதம் நமக்கு மட்டுமானதன்று.

நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்திருப்பது 2017இல் தெரியவந்தது. முகவரிகளும் அடையாள அட்டை எண்களும் அவற்றில் இருந்தன. கைப்பேசி எண்ணை மாற்றலாம். பிறந்த தேதியைத் தாங்கிய அடையாள அட்டை எண்ணை நினைத்தபோது மாற்ற முடியுமா? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது. சட்டத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது. அந்தக் கசிவை எந்த மாணவராலும் தடுத்திருக்க முடியாதுதான். ஆனால், கொடுக்காத தகவல் கசியாது.

இதற்காக விண்டோஸை விட்டு வேறொன்றுக்கு மாற வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும். கணினி அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைத் திறந்து, விளம்பர அடையாள எண்ணையும் கூடுதல் தகவல் அனுப்புவதையும் நிறுத்துங்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கான பதிப்பில் அடிப்படைத் தகவல்கள் செல்வதை முழுமையாக நிறுத்த முடியாது, குறைக்க முடியும். இருப்பிடம், கேமரா, ஒலிவாங்கி ஆகியவற்றை எந்தெந்தச் செயலி பயன்படுத்துகிறது என்று பார்த்துத் தேவையற்றதை மூடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அமையுங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை. கடைக் கணினியில் நகல் எடுத்தால், கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, கணக்கிலிருந்து வெளியேறுங்கள். கைப்பேசியிலும் செயலிகளுக்கான அனுமதிகளைச் சரிபாருங்கள்.

இடைநிலைப்பள்ளிக் கணினிக் கழகங்கள் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். கற்ற மாணவர் வீட்டில் அப்பா, அம்மாவின் கைப்பேசிகளையும் சரிசெய்து கொடுக்கட்டும். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கும் நாம், கணினியின் கதவையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.