ஆசிரியருக்கும் உஸ்தாதுக்கும் ஒரு நாள் ஓய்வு: சலுகையா, ஹக்கா?

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. பழைய பட்டியலில் வாப்பாவின் பெயர் இருக்கிறதா, உம்மாவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று நமது முஹல்லாக்கள் பதறிய நாட்கள் அவை. அந்தப் பதற்றத்தில் ஒன்றை நாம் சரியாகக் கவனிக்கவில்லை. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் பலர் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பகலில் வகுப்பு, மாலையில் தெருத் தெருவாக அலைச்சல், இரவில் கைபேசியில் பதிவேற்றம். கேரளம், ராஜஸ்தான், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்து வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. பணிச்சுமைதான் காரணம் என்று குடும்பத்தார் கதறினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கூடுதல் ஊழியர்களை அமர்த்தி இவர்களின் சுமையைக் குறைக்கும்படி டிசம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது.

அதற்கு முன்பே, 2025 செப்டம்பர் 1 அன்று, இன்னொரு தீர்ப்பு ஆசிரியர்களை உலுக்கியிருந்தது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும், இல்லையேல் பணியில் நீடிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் போயிருக்கிறது. அதுவரை நமது பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் நிம்மதி இல்லை. இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவர், தன் பிள்ளைகள் தூங்கிய பிறகு போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவரைப் போலப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வீடுகளைப் பட்டியலிடும் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் குறிக்கப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, கற்பித்தல் அல்லாத வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றுக்கும் அதே பிரிவு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் எல்லாச் சுமையும் உள்ளே வருகிறது.

இந்தச் சூழலில்தான் 'மனநல விடுப்பு' என்ற சொல் ஆசிரியர்கள் நடுவே பேச்சாகி வருகிறது. காய்ச்சல் இல்லை, வீட்டில் விசேஷம் இல்லை, ஆனால் மனம் ஓய்ந்துவிட்டது. ஒரு நாள் இளைப்பாறிவிட்டு வருகிறேன் என்று எடுக்கும் விடுப்பு. நம்மில் பலருக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வருகிறது. "எங்கள் காலத்து உஸ்தாதுமார் இதெல்லாம் கேட்டார்களா?" என்பார்கள். கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட விளக்கத்தில், பணியால் வரும் இந்த ஓய்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி முழுவதும் வற்றிப்போதல், வேலையின் மீது வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருதல், செய்யும் வேலையில் திறன் குறைதல். இதை அது நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் தீராமல் கிடக்கும் அழுத்தத்தின் விளைவு என்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டாவது அடையாளம். நேற்று வரை பிள்ளைகள் மீது உயிராக இருந்த ஆசிரியை இன்று அவர்களைப் பார்த்தாலே எரிந்து விழுகிறார் என்றால், நாம் அவரது குணத்தைக் குறை சொல்கிறோம். அவர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்பதில்லை.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, கல்வி பற்றிய பாடத்தில் இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ள ஒரு செய்தி உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மக்களுக்கு உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யக் கூடாதா என்று ஒருவர் ஆசையோடு கேட்டார். உங்களைச் சலிப்படையச் செய்ய நான் விரும்பவில்லை, நபி (ஸல்) அவர்களும் எங்களிடம் இப்படித்தான் நேரம் பார்த்து நடந்துகொண்டார்கள் என்ற பொருளில் அவர்கள் பதில் சொன்னார்கள். இது கேட்பவரின் சலிப்பைப் பற்றிய செய்திதான். ஆனால் கேட்பவருக்கே சலிப்பு வரும் என்றால், அதே பாடத்தை நாளுக்கு ஏழு முறை நின்றபடி சொல்பவருக்கு வராதா? உடலுக்கு உன் மீது உரிமை உண்டு, கண்ணுக்கு உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னது, அதுவும் இரவு முழுக்க வணங்கிய ஒருவரிடம் சொன்னது, நாம் அறியாததல்ல.

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஜமாஆ (ரஹ்) ஆசிரியர்களின் ஒழுக்கம் பற்றி எழுதிய நூலில், பசி, தாகம், கவலை, கோபம், தூக்கக் கலக்கம் உள்ள நிலையில் பாடம் நடத்த வேண்டாம் என்கிறார். கோபத்தில் இருக்கும் நீதிபதி தீர்ப்பு வழங்கக் கூடாது என்ற ஹதீஸின் சாயலைத்தான் இதில் பார்க்கிறேன். பிரம்பைக் கையில் வைத்திருப்பவரும் ஒரு வகையில் தீர்ப்பு வழங்குபவரே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றை நமது மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். பக்தாதின் நிழாமிய்யாவில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திய பேராசான். முப்பத்தெட்டு வயது. ஹிஜ்ரி 488-இல், அதாவது 1095-இல், சுமார் ஆறு மாதம் மனப்போராட்டத்தில் தவித்து, ஒரு நாள் நாவே பூட்டிக்கொண்டது. மாணவர்களின் மனம் குளிரவாவது ஒரு பாடம் நடத்தலாம் என்று முயன்றும் ஒரு சொல் வரவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர்கள் இது மனதிலிருந்து உடலுக்கு இறங்கியது என்று கைவிரித்தார்கள். அல்முன்கித் என்ற தமது நூலில் அவர்களே இதைச் சொல்கிறார்கள். அவர்களின் துறவுக்கு முன்னுரையாக இதை நாம் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அவர்களின் தேடல் மிகப் பெரியது, நமது சோர்வோடு ஒப்பிட முடியாதது என்பது சரிதான். ஆனால் அவர்கள் அப்போது செய்த மூன்று காரியங்கள் நடைமுறை சார்ந்தவை. பிள்ளைகளின் செலவுக்கு ஒதுக்கி வைத்தார்கள். தமது இடத்தில் பாடம் நடத்தத் தம்பி அஹ்மதை நிறுத்தினார்கள். போவது ஷாமுக்கு என்றாலும் மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்; உண்மையைச் சொன்னால் கலீஃபாவும் நண்பர்களும் விட மாட்டார்கள் என்ற அச்சம்.

கஸ்ஸாலி இமாமுக்கே காரணத்தைத் திறந்து சொல்ல முடியவில்லை. காலை ஆறரை மணிக்கு "காய்ச்சல், இன்று வர இயலவில்லை" என்று தலைமை ஆசிரியருக்கு வாட்ஸ்அப் அனுப்பும் சகோதரியை மட்டும் நாம் எப்படிக் குற்றம் சொல்வது? பொய் பொய்தான்; அதற்கு நான் ஃபத்வா தரப் போவதில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் ஏளனமும் சம்பளப் பிடித்தமும் கிடைக்கும் என்ற நிலையை உருவாக்கி வைத்த நிர்வாகத்துக்கு அந்தப் பொய்யில் பங்கு உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு இருக்கிறது. தனியார் பள்ளிகளில், நமது சமுதாயப் பெரியவர்கள் நடத்தும் பள்ளிகள் பலவற்றிலும், விடுப்பு என்பது தாளாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் சலுகையாகவே நிற்கிறது. பணியாளர்கள் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற நபிமொழியை ஆண்டு விழாவில் ஓதிவிட்டு, விடுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதில் பொருத்தம் இல்லை.

மக்தப் உஸ்தாதின் நிலை இன்னும் கடினம். சுப்ஹுக்குப் பின் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு, நடுவே ஐந்து வேளை இமாமத், ஜனாஸா, நிக்காஹ், ஃபாத்திஹா. மக்தபுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்கிறோம். இமாமுக்கு வாரத்திலேயே கனமான நாள் அதுதான். பலருக்குக் குடும்பம் வேறு ஊரில். பள்ளிவாசலை ஒட்டிய அறையில் தங்கியிருப்பவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால், ஓய்வு எடுக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. "ஹஜ்ரத், ஒரு நிமிஷம்" என்று தட்டுகிறோம்.

சரி, விடுப்பு கிடைத்துவிட்டது. அந்த நாளை என்ன செய்வது?

ஆசிரியையின் விடுப்பு நாள் எப்படிப் போகிறது என்று வீட்டில் கவனித்துப் பாருங்கள். "இன்னைக்கு வீட்லதானே இருக்கே" என்று தொடங்கும். போர்வைகளை அலசுதல், மாவு அரைத்தல், வங்கி, ரேஷன் கடை, மாமியாரின் மருத்துவ அட்டை. மாலையில் அவர் இருமடங்கு களைத்திருப்பார்; மறுநாள் காலையில் முதல் மணிக்கு வகுப்பில் நிற்பார். ஆகவே இது குடும்பத்துக்கான பேச்சு: அந்த ஒரு நாள் சமையலைக் கணவரோ பெரிய பிள்ளையோ ஏற்க வேண்டும், அல்லது கடையில் வாங்கிவிட வேண்டும். வீட்டில் மனைவியின் வேலைகளுக்கு நபியவர்கள் உதவினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது ஆண்களுக்கு நினைவிருக்கட்டும்.

அந்த நாளுக்கான வேலை முந்தைய இரவே தொடங்குகிறது. வகுப்பை யார் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு, பள்ளிக் குழுக்களை அமைதிப்படுத்திவிட வேண்டும். திருத்த வேண்டிய தாள்கள் பையிலேயே இருக்கட்டும். சுப்ஹு தொழுததும் மறுபடி படுப்பது சோம்பேறித்தனம் என்று வளர்ந்திருக்கிறோம். மாதக்கணக்கில் ஐந்து மணி நேரம் தூங்கியவருக்கு இந்த ஒரு நாள் அது மருந்து. தூக்கத்தை ஓய்வாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். லுஹருக்கு முன்போ பின்போ கைலூலாவும் இருக்கட்டும். நாள் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டைக்குச் சில மணி நேரம் பேச்சில்லாமல் விடுதலை கொடுக்கலாம். அஸருக்குப் பின் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு நடக்கலாம். பள்ளியைப் பற்றிப் பேசாத ஒரு தோழியின் வீட்டுக்குப் போகலாம். படுத்தபடி காணொலி பார்த்துக்கொண்டே மாலையாகிவிடுவது ஓய்வாகத் தோன்றும். எழுந்தால் தலை கனக்கும்.

வணக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. இந்த நாளில் இத்தனை ஜுஸ்வு, இத்தனை ஆயிரம் திக்ர் என்று இலக்கு வைக்க வேண்டாம். நாள் முழுதும் இலக்கிலேயே ஓடுபவர்களுக்கு அதுவும் இன்னொரு பாடத்திட்டம் ஆகிவிடும். ஃபர்ளுகளை நிதானமாகத் தொழுது, ஸஜ்தாவில் சற்று நேரம் அதிகம் இருந்து, மனதில் உள்ளதைத் தாய்மொழியில் துஆவாகக் கேட்டால் போதும்.

உஸ்தாதுகள் முதலில் பள்ளிவாசல் அறையை விட்டு வெளியேற வேண்டும். ஊருக்குப் போக முடிந்தால் பிள்ளைகளிடம் போய்விடுவது சிறந்தது. தூரம் என்றால் உடன் ஓதிய நண்பரின் வீட்டுக்காவது.

ஒரு நாள் ஓய்வால் தீராததும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, அழுகை அடங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது விடுப்பின் எல்லையைக் கடந்துவிட்டது. ஈமான் குறைவு என்று யாரும் நாக்கில் நரம்பில்லாமல் பேச வேண்டாம். ஓதிப் பார்ப்பதோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, உடல் நோய்களுக்கு இருப்பதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும்.

நிர்வாகிகள் "விடுப்பு தருகிறோம், ஆனால் பதிலுக்கு யார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கஸ்ஸாலி இமாமுக்கு ஒரு தம்பி இருந்தார். நமது முஹல்லாக்களில் ஓதி முடித்து வியாபாரத்தில் இருக்கும் ஹாஃபிழ்கள், ஆலிம்கள் இல்லாத ஊர் குறைவு. மதரஸா முடித்து வீட்டில் இருக்கும் ஆலிமாக்களும் இருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஜமாஅத்கள் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டால், மாதம் ஒரு வார நாளில் உஸ்தாதை அனுப்பிவிட்டு மக்தபையும் தொழுகையையும் அவர்களைக் கொண்டு நடத்தலாம். பதிலாள் செலவை ஜமாஅத் ஏற்கட்டும், உஸ்தாதின் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். பள்ளிக்கூடங்களில் இது இன்னும் எளிது: விடுப்புப் படிவத்தில் உள்ள 'காரணம்' என்ற கட்டத்தை, ஆண்டுக்கு இத்தனை நாள் வரைக்கும் என்று வைத்து, காலியாக விட அனுமதித்தாலே போதும். அடுத்த கல்வியாண்டுக்கான விதிகளை நிர்வாகக் குழுக்கள் எழுதும்போது இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர் பெற்றோராக இருந்தால் காது கொடுப்பார்கள்.