விற்கப்பட்டவள் எழுதிய வரலாறு

தோழனே!

வடக்கனந்தலில் நின்று கல்வராயன் மலையை அண்ணாந்து பார்த்திருப்பாய். அழகு மலை! ஆனால், அந்த மலையின் மக்கள் ஜாகீர்தார்களின் பிடியில் கூலியின்றி உழைத்துக் குனிந்து கிடந்தனர் என்பதும், 1976இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது என்பதும் நம்மில் எத்தனை பேர் அறிந்தது?

அரசாணையிலே ஆண்டு இருக்கும். அடிமைப் பெண்ணின் கண்ணீர் இருக்குமா? பச்சைக் குழந்தையை எங்கே கிடத்திவிட்டு அவள் பண்ணை வேலைக்கு ஓடினாள் என்று எந்தப் பதிவேடு கூறும்? பட்டத்தரசியின் பெயரைக் கல்லில் பொறித்தவர்கள், பாடுபட்டவளின் பெயரைக் காற்றிலே விட்டுவிட்டனர்.

அந்தக் குறையைத் தீர்த்தது கதை!

1852இல் அமெரிக்காவில் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் என்ற மாது, ‘டாம் மாமாவின் குடிசை’ என்ற நாவலை வெளியிட்டார். ஓராண்டில் அந்நாட்டில் மட்டும் மூன்று இலட்சம் படிகள் விற்றன. விற்கப்படவிருந்த மகனை மார்போடு அணைத்து, உடையும் பனிப்பாளங்களின்மீது தாவி ஆற்றைக் கடந்தாள் எலைசா என்னும் அடிமைத் தாய். ஏட்டிலே ‘சரக்கு’ என எழுதப்பட்டவள் ‘தாய்’ என்று படிப்போர் அப்போது உணர்ந்தனர். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

“அங்கே நடந்தது, நமக்கென்ன?” என்பாயோ? இங்கே எழுதியவர், அடிமையைப் பார்த்தவர் அல்லர், அடிமையாக விற்கப்பட்டவர்! பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் சிறுமியாய் விற்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலைத் தந்தார். கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947இல்! சட்டத்துக்குப் பதினோராண்டு முன்னே நடந்தது அந்தப் பேனா.

தலைப்பைப் பார்த்துவிட்டு, “தாசிகளையே தூற்றுகிறாரே” என்பாரும் உண்டு. உண்மைதான், கடுமை இருக்கிறது. வெந்த புண்ணைத் தொட்டவர் மென்மையாகவா கத்துவார்? ஆழ்ந்து படித்துப் பார். வலை பின்னியவள் தாசி. அதற்கு நூல் தந்தது யார்? பக்தியின் பெயரால் பொட்டுக்கட்டிய வழக்கம்! பணத்தைக் கொட்டிய மைனர்! வேறு பிழைப்பைக் காட்டாத சமுதாயம்! மகளை வீழ்த்தும் தாயும் முன்பு வீழ்த்தப்பட்ட மகளே! இதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. அந்த வீட்டுக்குள் வளர்ந்தவர்தான் சொல்ல முடியும்.

அம்மையாரின் பெயரால் 1989இல் திருமண உதவித் திட்டம் வந்தது. 2022இல் அது, அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களின் உயர்கல்விக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமாக மாறியது. பெருமைப்படுவோம். ஆனால், பெயரைச் சூட்டினோம், புத்தகத்தைப் படித்தோமா?

மீண்டும் மலைக்கு வா, தோழனே! 1976இல் இருபது வயதிலிருந்த மலைமகள் இன்று எழுபது வயதுக் கிழவி. அவள் கதை இன்னும் எழுதப்படவில்லை. அவள் மறைந்தால் அந்த வரலாறும் அவளோடு புதைக்கப்படும்.

வாக்குக் கேட்க மலையேறினோம். ஒருமுறை, அவள் வாக்கைக் கேட்க ஏறுவோம்! கொடியை வாசலில் சாய்த்துவிட்டு, அவள் திண்ணையில் அமர்ந்து, அவள் சொல்வதை எழுதிக்கொள். எழுதப் படிக்கத் தெரிந்த அவள் பேத்தி பக்கத்தில் இருந்தால், பேனாவை அவளிடம் கொடுத்துவிடு!