பூங்காவின் வானம் யாருடையது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவின் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. நீலத் தகட்டில் வெள்ளை எழுத்து. பூக்களைப் பறிக்காதீர், புல்தரையில் படுக்காதீர், பந்து விளையாடாதீர், நாய்களை அழைத்து வராதீர் என்று பதினொரு ‘ஆதீர்’கள் அதில் வரிசையாக நிற்கின்றன. எண்ணிப் பார்த்தவன் நான். அவற்றுள் ஒன்றிலேனும் டிரோன் என்ற சொல் இல்லை. ஆயினும் சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் கையால் செய்த டிரோனோடு அப்பூங்காவிலிருந்து நான் வெளியேற்றப்பட்டேன்.

“தம்பி, இதெல்லாம் இங்க விடக்கூடாது” என்றார் காவலாளி.

“எங்கண்ணே எழுதியிருக்கு?” என்றேன்.

“எழுதினாத்தான் ரூலா? மொதல்ல அத எடு.”

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. எழுதினால்தான் விதியா? எழுதாத ஒன்றைத் தடுக்கலாமா? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே.

முதலில் என் டிரோனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘டிரோன்’ என்றதும் திருமண மண்டபத்தின் மேல் இரைந்துகொண்டு சுற்றும் புகைப்படக்காரரின் கருவிதான் பலருக்கு நினைவுக்கு வரும். என்னுடையது அதுவன்று. கார்பன் சட்டம் ஒன்று, நான்கு மோட்டார்கள், ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, ஒரு லித்தியம் பாட்டரி, அவ்வளவே. கேமரா கிடையாது. வெளிநாட்டு டிரோன்களை முழுமையாக இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை விதித்தது. உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே பாகங்களாக வாங்கி, நானே பற்றவைத்துச் சேர்த்தேன். இரண்டு முகூர்த்த மாதங்கள் பந்தி பரிமாறிய கூலி அதில் இருக்கிறது. தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 238 கிராம் காட்டியது. கடைக்கார அண்ணாச்சி, “கால் கிலோ துவரம்பருப்புக்குக் கூடக் காணாதே” என்று சிரித்தார்.

அந்தக் கால் கிலோவில்தான் சட்டமே இருக்கிறது! 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு டிரோன் விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் வந்திருந்த முந்தைய விதிகளில் 25 படிவங்களும் 72 வகைக் கட்டணங்களும் இருந்தன. புதிய விதிகள் அவற்றை 5 படிவங்களாகவும் 4 வகைக் கட்டணங்களாகவும் சுருக்கின. 250 கிராமுக்கு மேற்படாதது ‘நானோ’ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’ வகை. நானோவை இயக்குவதற்கு விமானிச் சான்று வேண்டியதில்லை. மைக்ரோவையும் வணிக நோக்கமின்றி இயக்கினால் வேண்டியதில்லை. பதிவு எண் பெற வேண்டும், நானும் பெற்றேன். நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரித்து, 2021 செப்டம்பரில் ஒரு வரைபடமும் வெளியிட்டார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றி ஓர் அடி கூட எழும்பக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். எங்கள் ஊருக்கு அருகில் விமான நிலையம் இல்லை. வரைபடத்தில் எங்கள் பூங்கா பச்சையாகவே இருக்கிறது.

காவல்துறையே ஓர் இடத்தில் டிரோன் பறப்பதைத் தற்காலிகமாகத் தடுக்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி அறிவிப்பு வெளியிட வேண்டும். அதுவும் ஒரு முறைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. மாவட்டத்தின் பெரிய அதிகாரிக்கே எழுத்தும் கால எல்லையும் விதித்திருக்கும் சட்டம், பூங்காக் காவலாளிக்கு மட்டும் வாய்ச்சொல்லால் காலவரையற்ற தடை விதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்குமா?

இந்த இடத்தில் வெற்றி பெற்றுவிட்டதாகவே நான் நினைத்தேன். எங்கள் துறைப் பேராசிரியர் ஐயா அந்த நினைப்பைக் கலைத்தார். “வானம் டில்லியுடையது, ஒத்துக்கொள்கிறேன். நீ எங்கே நின்றுகொண்டு விடுகிறாய்?” என்று கேட்டார். நான் நிற்கும் புல்தரை நகராட்சியுடையது. பறப்பதற்கு ஒரு சட்டம், நிற்பதற்கு ஒரு சட்டம்! அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே வானத்தை ஆள்வது வேறு துறை. எனினும் 2014 ஜூன் மாதத்தில் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை, தன் நிலத்திலிருந்து டிரோனை ஏற்றவும் இறக்கவும் இயக்கவும் தடை விதிக்கும்படி தன் பூங்காக்களுக்கு ஆணையிட்டது. அவர்கள் பயந்ததும் வீணன்று. அடுத்த ஆகஸ்டிலேயே யெல்லோஸ்டோன் பூங்காவின் புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றுக்குள் ஒரு பயணியின் டிரோன் விழுந்தது. ஆனால் அங்கே தடை எழுத்தில் இருக்கிறது. தண்டனையும் எழுத்தில் இருக்கிறது. நியூயார்க் நகரம் இன்னொரு வழி காட்டுகிறது. மாதிரி விமானம் விடுவோருக்கென்று ஃபிளஷிங் மெடோஸ், மரீன் பார்க் போன்ற பூங்காக்களில் தனித்திடல் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ‘இங்கே கூடாது’ என்று சொன்னவர்கள் ‘அங்கே போ’ என்றும் சொன்னார்கள். எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது சொல்தான்.

நமது மாநிலத்தில் பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்க 1959ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. பூங்கா வேறு காரியத்துக்குப் போய்விடாமல் காப்பதற்காக வந்த நல்ல சட்டம் அது. டிரோனை அது கனவிலும் கண்டிருக்க முடியாது. ஆகவே நகராட்சியிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, பூங்காவில் டிரோன் விடத் தடை செய்யும் தீர்மானம் ஏதேனும் உண்டா என்று ஒரு மனு எழுதினேன். எங்கள் வீட்டில் அரசாங்கத்துக்கு முதன்முதலாகக் கடிதம் எழுதியவன் நான்தான். அப்பா அதைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வம்புல மாட்டிக்க மாட்டியே?” என்பது மட்டுந்தான் அவர் கேட்டது. இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. அப்படியொரு தீர்மானம் இல்லை. பொதுமக்கள் நலன் கருதி அவ்வப்போது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. அதாவது, ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை!

பதிலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீண்டும் பூங்காவுக்குப் போனேன், சண்டை போடத்தான். காவலாளி அண்ணன் அதைப் படித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “நான் காண்ட்ராக்ட் ஆளுப்பா. நாளைக்கு இது ஒரு புள்ள மேல விழுந்தா, நீ படிக்கப் போயிடுவே. எனக்கு வேல போயிடும்.”

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால், 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 238 கிராம் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர். ஆற்றல் சுமார் 70 ஜூல். மணிக்கு 106 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்துக்குச் சமம். பந்து விளையாடாதீர் என்று எழுதியவர்கள் இதையும் எழுதியிருந்தால் தவறு சொல்ல முடியாது போலிருக்கிறதே என்று தோன்றியது. இறக்கையை ஒரு வெள்ளரிக்காயில் சோதித்தும் பார்த்தேன். அதைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை.

விழுவது ஒரு பயம் என்றால், பார்ப்பது இன்னொரு பயம். மாலையில் நடக்க வரும் பெண்களுள் ஓர் அக்கா முதல் நாளே என்னைக் கேட்டார்: “ஏன் தம்பி, படம் புடிக்கிறியா?” கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினேன், கேமரா இல்லை என்று. “நீ காட்டினே, சரி. நாளைக்கு வேற ஒருத்தன் கொண்டாந்தா காட்டுவானா?” என்றார். இதற்கு என்னிடம் விடை இல்லை, இன்றும் இல்லை. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வீட்டு வேலை, வெளி வேலை எல்லாம் முடித்து அரை மணி நேரம் காலாற நடக்க வரும் ஒருவர், தலைக்கு மேல் ஓர் இரைச்சல் கேட்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வீடு திரும்புவாரானால், என் பொழுதுபோக்கு அவருடைய பூங்காவைப் பறித்துவிட்டது என்றே பொருள். பேருந்து நிலையத்தில் நின்று பூக்கட்டி விற்கும் என் அம்மாவுக்கு அந்த அரை மணி நேரமும் இல்லை என்பது வேறு விஷயம்.

அப்படியானால் விட்டுவிடலாமே, வேறு இடமா இல்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கே இருக்கிறது? நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. எட்டுக் குடித்தனத்துக்கு ஆறடிச் சந்து, மேலே மின்கம்பிகள். ஊருக்கு வெளியே வயல்கள் உண்டு, எங்களுக்கு வயல் இல்லை. கல்லூரி மைதானம் விடுமுறை நாளில் பூட்டியிருக்கும். தோப்பும் தோட்டமும் உள்ளவன் வீட்டுப் பிள்ளை தன் நிலத்தில் நின்று விடுவான். அவனை எந்தக் காவலாளியும் கேட்கப் போவதில்லை. பூங்கா ஒன்றுதான் பட்டா இல்லாதவனுக்கும் உள்ள நிலம். எழுதாத தடை எல்லோருக்கும் பொது என்று சொல்வார்கள். அது இறங்குவது எங்களைப் போன்றவர்கள் தலையில்தான்.

மேடைகளில் புட்பக விமானத்தைப் பற்றி முழங்க நமக்கு யாரும் தடை சொல்வதில்லை. 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் சென்னை எம்.ஐ.டி. மாணவர் அணியான ‘தக்‌ஷா’ இரண்டாமிடம் பெற்றபோது கைதட்டினோம். வயலுக்கு மருந்து தெளிக்க 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் கொடுப்பது என்று 2023இல் மத்திய அரசு முடிவு செய்தபோது வரவேற்றோம். இவர்களெல்லாம் முதன்முதலில் எங்கே நின்று விட்டுப் பழகுவது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

பட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தில் ‘விமானம்’ என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் பட்டமும் சேர்ந்தே இருந்தது. 2025 ஜனவரியில் வேறு சட்டம் அதனிடத்தைப் பிடிக்கும் வரை தொண்ணூறு ஆண்டுகள் நாம் அனுமதி கேட்காமலே விமானம் விட்டுக்கொண்டிருந்தோம்! மாஞ்சா நூல் கழுத்தை அறுக்கத் தொடங்கியதும், 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை இழை மாஞ்சாவைத் தடை செய்தது. தடைப்பட்டது நூல்தான், பட்டம் அன்று.

டிரோனுக்கும் அப்படியொரு பிரிப்பு இயலும். எங்கள் பூங்காவின் வடக்குப் பக்கத்தில், வற்றிப்போன செயற்கைக் குளத்துக்கு அப்பால், யாரும் நடக்காத ஒரு திடல் கிடக்கிறது. ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை அதைக் கொடுத்தால் போதும். 250 கிராமுக்கு உட்பட்டது, கேமரா இல்லாதது, 30 மீட்டருக்கு மேல் எழும்பாதது மட்டும் என்று விதிக்கட்டும். பெயரும் பதிவு எண்ணும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் காவலாளி அண்ணனிடம் இருக்கட்டும். விபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவன் கையெழுத்துப் போட்டவனே என்றும் அதில் எழுதட்டும். ஏதேனும் கட்டணம் வைத்தாலும் கட்டத் தயார். இவை எதுவும் இயலாது, முழுத் தடைதான் என்று முடிவு செய்தாலும் சரி, அதைப் பலகையில் பன்னிரண்டாவது வரியாக எழுதட்டும். காவலாளி அண்ணனோடு நான் வாதாட வேண்டியிராது. தீர்மானம் போட்டவர்களிடமே போய்க் கேட்பேன்.

இவ்வளவையும் மனுவாக எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்திருக்கிறேன். நகராட்சிக்கு அனுப்பப்பட்டதாக ரசீது வந்திருக்கிறது. லித்தியம் பாட்டரியை முழுதாக ஏற்றி வைத்தால் கெட்டுவிடும்; முழுதாக இறங்கினாலும் கெட்டுவிடும். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, மணல் நிரப்பிய பழைய குடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்து அளந்து பார்க்கிறேன்.